பழையது என்றால் பழுதா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

"இது பழசாகிவிட்டது; இனி இதற்கு ஆதரவு கிடையாது" என்று ஒரு பொருளைப் பற்றி யாரேனும் சொல்லிவிட்டால், அத்துடன் அதன் ஆயுள் முடிந்துவிட்டதாகவே நாம் எல்லாரும் நம்பிவிடுகிறோம். சொல்வது பெரிய கம்பெனியாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆனால், நண்பர்களே, ஆதரவு இல்லை என்பதும் ஆற்றல் இல்லை என்பதும் ஒன்றுதானா? இரண்டும் வேறு வேறு என்பதே என் கருத்து. அதை நிறுவ நான் எடுத்துக்கொள்ளும் சான்று ஒரு கணிப்பொறி விளையாட்டு. பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிக்க வேண்டாம். பழைய விளையாட்டு ஒன்றின் திரையில் தோன்றும் நிறக் கோளாறு, நமது இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கற்க வேண்டிய, ஆனால் கற்காத பாடம் ஒன்றைக் கற்பிக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஊதாக் கடலும் சிவப்புப் புல்லும்

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்ற விளையாட்டை நம்மில் பலர் அறிவோம். அண்ணன்மார்கள் பிரௌசிங் சென்டரில் காசு கொடுத்து ஆடியது. மரம் வெட்டி, வயல் உழுது, கோட்டை கட்டிப் படை திரட்டுவது அதன் போக்கு. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இயங்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸ் அதனை உருவாக்கியது. 1999 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அது கேட்ட வசதி மிகச் சிறியது. 166 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பென்டியம், 32 எம்பி நினைவகம், அவ்வளவே.

பத்தாண்டுகள் சென்றன. 2009-இல் விண்டோஸ் 7 வந்தது. அதற்குள் கணிப்பொறிகளின் வேகமும் நினைவகமும் பன்மடங்கு பெருகிவிட்டன. ஆனால் அந்தப் புதிய கணிப்பொறிகளில் இப்பழைய விளையாட்டை ஓட்டியபோது, பலருடைய திரையில் கடல் ஊதா நிறமாயிற்று. பச்சைப் புல்லில் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. வலிமை கூடிய இயந்திரத்தில் எளிய விளையாட்டு கெடுவானேன்?

விடையை நம் வகுப்பறையிலிருந்தே விளக்கலாம். வருகைப் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் எண் உண்டு. "முப்பத்தேழு" என்று அழைத்தால் போதும். முப்பத்தேழு யார் என்பதைப் பதிவேடு சொல்லிவிடும். அக்காலத்து விளையாட்டுகளில் நிறமும் இப்படித்தான். திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் நிறம் எழுதப்படவில்லை. 0 முதல் 255 வரையிலான ஓர் எண் மட்டுமே எழுதப்பட்டது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது தனியாக ஒரு வண்ணப் பட்டியலில் இருந்தது. ஒரு புள்ளிக்கு 8 பிட். 2-இன் எட்டாம் அடுக்கு 256. ஆகவே 256 நிறங்கள்.

ஏன் இந்தச் சிக்கனம்? கணக்குப் போட்டால் தெரியும். 800 × 600 அளவுள்ள திரையில் 4,80,000 புள்ளிகள். பட்டியல் முறையில் 4,80,000 பைட் இடம் போதும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே எழுதினால் 14,40,000 பைட் வேண்டும். நினைவகம் விலையேறியிருந்த காலத்தில் மூன்றில் ஒரு பங்கில் காரியம் முடித்த கெட்டிக்காரத்தனம் அது.

இப்போது கோளாற்றுக்கு வருவோம். விண்டோஸ் 7-இல் விளையாட்டு திரை முழுவதையும் எடுத்துக்கொண்ட பிறகும், பின்னணியில் டெஸ்க்டாப்பைப் பராமரிக்கும் எக்ஸ்ப்ளோரர் என்னும் நிரல் ஓய்வதில்லை. அது அதே வண்ணப் பட்டியலில் தன் நிறங்கள் சிலவற்றை எழுதிவிடுகிறது. பதிவேட்டில் முப்பத்தேழாம் எண்ணுக்கு நேரே வேறொருவர் பெயரை எழுதிவிட்டால் என்ன ஆகும்? மாணவன் தன் இடத்தில்தான் இருக்கிறான், எண்ணும் மாறவில்லை, ஆனால் அழைக்கப்படும் பெயர் தவறாகிவிடும். கடலுக்கு உரிய எண் கடலில்தான் இருக்கிறது. அந்த எண்ணுக்கு நேரே இருந்த நீலம்தான் ஊதாவாகிவிட்டது. விளையாட்டிலும் குறையில்லை, இயந்திரத்திலும் குறையில்லை. இரண்டுக்கும் இடையே இருந்த உடன்பாட்டை மூன்றாம் ஆள் மாற்றிவிட்டான்.

இதற்குப் பயனாளிகள் கண்ட மருந்துகளுள் ஒன்று எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு விளையாட்டைத் தொடங்குவது. இன்னொன்று வேடிக்கையானது. டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து, திரை அளவை மாற்றும் சன்னலைத் திறந்து, எதையும் மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டு விளையாட்டைத் தொடங்கினால் நிறங்கள் சரியாகிவிடும்! மந்திரம் போலத் தோன்றும் இதுவும் ஒரு தடயமே. தொடர்பில்லாத ஒரு சன்னல் திறந்திருந்தால் நோய் தீர்கிறது என்றால், நோயின் இருப்பிடம் விளையாட்டுக்கு வெளியே என்பது விளங்கவில்லையா?

கடைக்காரரின் தீர்ப்பு

இது எனக்கு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. என் தந்தையார் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிப்படி ஏறாதவர். அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நூற்பாலை வேலைக்குச் சென்றுவிட்டார். நான் கல்லூரியில் சேர்ந்தபோது, அவர் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 9,000 ரூபாய்க்குப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கித் தந்தார். அதில் இருந்தது விண்டோஸ் 7.

ஒரு விடுமுறையில் அண்ணன் தம் பள்ளி நாட்களில் ஆடிய இதே விளையாட்டின் குறுந்தகட்டைத் தேடியெடுத்துப் போட்டார். கடல் ஊதாவாக வந்தது. கீபோர்டு மாற்றுவதற்காக மடிக்கணினியை ஒரு கடைக்குக் கொண்டுசென்றபோது இதையும் காட்டியிருக்கிறார். கடைக்காரர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "கிராஃபிக்ஸ் சிப் போய்விட்டது, போர்டு மாற்ற வேண்டும், 6,500 ரூபாய் ஆகும். பழைய மாடல், செலவழிப்பது வீண். புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

அன்று இரவு அண்ணன் என்னிடம், "தம்பி, அவர் இப்படிச் சொல்றார். நீ படிக்கிற பையன். நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் படிப்பை நம்பி ஒருவர் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. 6,500 ரூபாய்க்கு உரிய கேள்வி அது.

நோயைக் கண்டு, அதன் முதற்காரணத்தைக் கண்டு, பிறகே தணிக்கும் வழியைக் காண வேண்டும் என்று மருத்துவனுக்கு வள்ளுவப் பெருந்தகை வகுத்த முறை கணிப்பொறிக்கும் பொருந்தும். அந்த முறையில்தான் சென்றேன்.

முதலாவதாக, புகைப்படங்களையும் ஒரு திரைப்படத்தையும் போட்டுப் பார்த்தேன். நிறங்கள் சரியாகவே இருந்தன. ஆகவே திரையில் குறையில்லை.

இரண்டாவதாக, கோளாறு எப்போது தோன்றுகிறது என்று கவனித்தேன். வெப்பத்தால் வரும் கோளாறு சிறிது நேரம் கழித்துத் தலைகாட்டும். இயந்திரம் ஆறினால் குறையும். இதுவோ முதல் நொடியிலேயே வந்தது.

மூன்றாவதாக, அது எங்கே தோன்றுகிறது என்று கவனித்தேன். சில்லோ அதன் நினைவகமோ பழுதானால், கோடுகளும் கட்டங்களும் கண்ட இடத்தில் சிதறும். மற்ற வேலைகளின்போதும் வரும். இங்கே கடல் என்றால் எப்போதும் ஊதா. ஒழுங்குள்ள தவற்றுக்கு ஒழுங்குள்ள காரணம் இருந்தாக வேண்டும்.

நான்காவதாக, ஒரே ஒரு மாற்றம் செய்தேன். திரை அளவுச் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு விளையாட்டைத் தொடங்கினேன். கடல் நீலமாயிற்று. சன்னலை மூடிவிட்டு மீண்டும் தொடங்கினேன். ஊதாவாயிற்று. மீண்டும் திறந்தேன், நீலம். காரணம் உறுதிப்பட்டது. ஒரு ரூபாய் செலவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து சரிபார்ப்பது ஆகிய இரண்டும் இல்லாமல் செய்யும் பழுதுபார்ப்பு குறி சொல்வதற்குச் சமம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதுபோல, காரணம் தெரியாத இடத்திலெல்லாம் பழியைப் பழைய இயந்திரத்தின் மேல் போட்டுவிடுவது எளிது. அந்தப் பழியின் விலையைக் கொடுப்பவர்கள் எங்கள் வீட்டைப் போன்ற வீட்டார்.

ஒரே சில், இரண்டு தீர்ப்புகள்

ஒரு விளையாட்டை வைத்துப் பொதுத் தீர்ப்பு சொல்லலாமா என்று கேட்கலாம். இன்னொரு சான்று தருகிறேன். எங்கள் மடிக்கணினியில் இருப்பது 2011-இல் வெளிவந்த இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ் 3000 என்னும் வரைகலைச் சில். சில்லுக்கும் விண்டோஸுக்கும் இடையே நின்று வேலை வாங்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது இந்தச் சில்லுக்கென்று இன்டெல் புதிய டிரைவர் வெளியிடவில்லை. பழைய டிரைவரைக் கொண்டே ஒப்பேற்ற வேண்டியிருந்தது.

நிரல்கள் வரைகலைச் சில்லோடு பேசும் மொழிகளுள் ஒன்று ஓபன்ஜிஎல். விண்டோஸில் இந்தச் சில்லுக்குக் கிடைத்தது அதன் 3.1 பதிப்பு மட்டுமே. ஆனால் லினக்ஸில், மேசா என்னும் திறமூல டிரைவர்த் தொகுப்பு இதே சில்லுக்கு 3.3 பதிப்பைத் தருகிறது. மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பு 2021-இல் வந்த 1.17-இல் 3.2 பதிப்பைக் கேட்கத் தொடங்கியது. ஆகவே ஒரே சில் ஒரு வாசலில் தகுதியற்றது என்றும், அடுத்த வாசலில் தகுதியுள்ளது என்றும் ஆகிறது. சில்லில் ஓர் அணுவேனும் மாறியதா? அதற்காக எழுத ஆட்கள் இருந்தார்களா இல்லையா என்பது மட்டுமே மாறியது!

நிறுவனமே மறைந்துபோன பின்னும் அதன் மொழி வாழ்ந்த வரலாறும் உண்டு. 3டிஎஃப்எக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வூடூ அட்டைகள் 1990-களின் பிற்பகுதியில் புகழ்பெற்றிருந்தன. 'கிளைட்' என்பது அவற்றுக்கே உரிய மொழி. 2000-இல் வந்த 'டயாப்லோ 2' விளையாட்டும் அம்மொழியில் பேச வல்லது. அதே ஆண்டின் இறுதியில் அந்நிறுவனம் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. அட்டைகள் சந்தையிலிருந்து மறைந்தன. ஆனால் டிஜிவூடூ, என்கிளைட் போன்ற மொழிபெயர்ப்பு நிரல்கள் எழுந்தன. பழைய விளையாட்டு கிளைட் மொழியில் பேசுவதை இவை கேட்டு, இன்றைய சில்லுக்குப் புரியும் மொழியில் சொல்லிவிடுகின்றன. நாம் மேலே கண்ட 256 நிற விளையாட்டுகளுக்கும் சிஎன்சி-டிடிரா போன்ற நிரல்கள் இதே தொண்டைச் செய்கின்றன. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் என்னும் திட்டம் 1993-இல் தொடங்கி இன்றும் வளர்ந்து வருகிறது. எங்கள் மடிக்கணினியில் இப்போது லினக்ஸ் இருக்கிறது. வைன் வழியாக அண்ணனின் விளையாட்டும் ஓடுகிறது. கடல் நீலமாகவே இருக்கிறது.

மறுப்புரைகளுக்கு விடை

"புதிய பதிப்பை வாங்கிக்கொண்டால் போகிறது, எதற்கு இத்தனை பாடு?" என்பார் உளர். உண்மைதான். 2019-இல் இவ்விளையாட்டுக்குப் புதுப்பதிப்பு வந்தது. 2022-இல் அதனுடன் திராவிடர் என்ற பிரிவும், இராசேந்திர சோழன் பெயரில் ஒரு போர்த்தொடரும் கூடச் சேர்ந்தன. நம் மன்னன் உலக விளையாட்டில் இடம் பெற்றது மகிழ்ச்சியே. ஆனால் அதற்கு 64 பிட் விண்டோஸ் 10 வேண்டும். விலையும் தர வேண்டும். வாங்க இயன்றவர் வாங்கட்டும். இயலாதவருக்கு, கையில் இருப்பதைப் புரிந்துகொள்ளும் வழியேனும் திறந்திருக்க வேண்டும் அன்றோ?

"ஆதரவு நின்ற கணிப்பொறி ஆபத்தானது" என்ற மறுப்பு இதைவிட வலியது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத விண்டோஸை இணையத்தில் இணைப்பது கதவில்லா வீட்டில் உறங்குவதற்கு ஒப்பாகும். விண்டோஸ் 7-க்கு 2020 சனவரி 14-ஆம் நாளும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் நாளும் மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு முடிந்தது. ஆனால் இங்கும் காலாவதியானது மென்பொருளே. அதே இயந்திரத்தில் திருத்தங்கள் பெறும் லினக்ஸை நிறுவினால் கதவு மீண்டும் கிடைத்துவிடுகிறது. எது காலாவதியாயிற்று என்று பிரித்தறியத் தெரியாதபோதுதான் மொத்தத்தையும் குப்பையில் போடுகிறோம்.

இது எங்கள் ஒரு வீட்டுப் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் வகையில் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சில் வேண்டும். அது வெளிவந்ததோ 2017-இல். ஆகவே திட்டத்தின் முதல் ஐந்தாறு ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினி எதுவும் அந்தப் பட்டியலில் இடம் பெறாது. நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் அவை பரண்மேல் உறங்குகின்றன! அவற்றுள் உண்மையில் பழுதானவை எவை, ஆதரவு மட்டும் நின்றவை எவை என்று பிரித்துச் சொல்ல யார் வருவார்? அறிவியல் படிக்கும் நாம் வராமல் வேறு யார் வருவார்?

நாம் செய்ய வேண்டுவது

இங்குதான் நமது ஆய்வுக்கூடத்தின் நினைவு வருகிறது. மின்னழுத்தமானிச் சோதனையில் கால்வனோமீட்டர் முள் ஒரே பக்கமாக விலகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் என்ன செய்கிறோம்? ஆய்வுக்கூட உதவியாளரைக் கூப்பிடுகிறோம்; அவர் வந்து ஒரு கம்பியை மாற்றுகிறார்; முள் இரு பக்கமும் ஆடுகிறது; நாம் அளவீடு எழுதி மதிப்பெண் பெறுகிறோம். நேர்முனைகள் ஒன்றாக இணைக்கப்படவில்லையா, முதன்மைச் சுற்றின் மின்கலம் தளர்ந்துவிட்டதா, எங்கேனும் இணைப்பு விட்டுப்போயிற்றா என்று ஒவ்வொன்றாய் விலக்கிப் பார்க்கும் பயிற்சி உதவியாளருக்குக் கிடைக்கிறது. பட்டம் நமக்குக் கிடைக்கிறது! சரியாக இயங்கும் கருவியில் சரியான விடை எடுப்பது மட்டுமே அறிவியலாகிவிடுமா?

ஆகவே பேராசிரியப் பெருமக்களிடம் இரண்டு வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன். பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. ஆனால் அக மதிப்பீடு உங்கள் கையில் இருக்கிறது. பருவத்திற்கு ஒருமுறை, வேண்டுமென்றே ஒரு பழுது வைத்த சுற்றை எங்களிடம் கொடுங்கள். விடை என்ன என்று கேட்க வேண்டாம். பழுது எங்கே, அதை எப்படி உறுதிப்படுத்தினாய் என்று கேளுங்கள். இது முதல் வேண்டுகோள்.

ஆய்வுக்கூடத்திலும் கணிப்பொறி அறையிலும் தமிழில் ஒரு பழுதுக் குறிப்பேடு வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. நாள், அறிகுறி, செய்த சோதனைகள், கண்ட காரணம், தீர்த்த வழி ஆகிய ஐந்து பத்திகள் போதும். நான் தேடியபோது எனக்குக் கிடைத்த குறிப்புகள் ஆங்கிலத்திலேயே இருந்தன. அகராதியும் கையுமாகத்தான் படித்தேன். எனக்குப் பின்னால் வரும் தம்பி தங்கையருக்கு அந்தச் சுமை வேண்டாம். அரை நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தின் விலையில் இது முடியும்.

தோழர்களே! உங்களுக்கும் ஒரு சொல். நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். ஊரில் நம்மைப் பார்த்து, "படிச்ச புள்ளை, நீ சொல்லு" என்று ஒருநாள் யாரேனும் கேட்கத்தான் போகிறார்கள். அது ஒரு மடிக்கணினியாக இருக்கலாம். தண்ணீர் மோட்டாராக இருக்கலாம். அம்மாவின் தையல் இயந்திரமாக இருக்கலாம். அப்போது "பழசு, தூக்கிப் போடுங்கள்" என்று சொல்வதற்குப் படிப்பு தேவையில்லை. சோதித்துப் பார்த்து, இன்ன இடத்தில் இன்ன பழுது என்று காட்டுவதற்கே படிப்பு வேண்டும். சோதித்த பிறகும் பழுது உண்மையென்று தெரிந்தால் தூக்கிப் போடுவோம், அதில் வருத்தமில்லை. சோதிக்கும் முன்னே எதையும் குப்பை என்று சொல்லாத மாணவர் கூட்டம் ஒன்று நம் கல்லூரியிலிருந்து புறப்படட்டும்!